உடைமையும் கடனும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு மிக விரைவிலேயே அறிமுகமாகும் வினைச்சொற்களுள் ‘ஓவ்’ என்பது ஒன்று. ‘கடன்பட்டிரு’ என்று அதற்குப் பொருள் எழுதி வைத்துவிட்டு அவன் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறான். ‘ஓன்’ என்றால் சொந்தமாகக் கொண்டிரு என்றும், ‘ஓட்’ என்றால் செய்யக் கடமைப்பட்டிரு என்றும் வேறு நாட்களில், வேறு பாடங்களில் கற்றுக்கொள்கிறான். மூன்றும் மூன்று தனிச்சொற்கள் என்றே பாடநூல்கள் காட்டுகின்றன. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்திலே இம்மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ‘ஆகன்’ என்பது அந்த வேர்ச்சொல். ‘உடையவனாயிரு’ என்பது அதன் பொருள்.

உடைமையைக் குறித்த ஒரு சொல் கடனையும் கடமையையும் எவ்வாறு பெற்றெடுத்தது? வழி எளியதே. ‘ஆகன்’ என்ற வினையின் எச்சவடிவம், ‘உடைய’ என்னும் பொருளில், இன்றைய ‘ஓன்’ ஆயிற்று. ‘கொடுப்பதற்கு உடையேன்’ என்று அக்காலத்தார் ஒரு தொடரை வழங்கினர். என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது, ஆனால் அது கொடுக்கப்படவேண்டிய பொருள் என்பது அதன் கருத்து. நாளடைவில் ‘கொடுப்பதற்கு’ என்ற பகுதி மறைந்தது. வினை மட்டுமே கடனைக் குறிக்கலாயிற்று. அதுவே ‘ஓவ்’. அவ்வினையின் இறந்தகால வடிவம் தன் காலத்தை இழந்து, ‘செய்தாக வேண்டும்’ என்ற அறப்பொருளை ஏற்றது. அதுவே ‘ஓட்’. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில்கூட ‘ஓவ்’ என்பது சில இடங்களில் கடனை அன்றி உடைமையையே குறிக்கிறது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், கடன்பட்டோர் இருவரைப் பற்றிய உவமையில், ‘கடன்பட்டிருந்தான்’ என்பதற்கு ‘ஓட்’ என்ற வடிவமே ஆளப்பட்டது. அதன் பின்னரே மூன்று சொற்களும் தம் உறவை மறந்து தனித்தனிக் குடித்தனம் நடத்தத் தொடங்கின.

இஃது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று. இலத்தீன் மொழியில் கடன்படுதலைக் குறிக்கும் ‘தேபேரே’ என்ற வினை, ‘ஒருவரிடமிருந்து பெற்று வைத்திருத்தல்’ என்ற பொருளுடைய இரு கூறுகளால் ஆனது. பிறனுடையது என் கையில் இருக்கிறது. ஆகவே நான் கடனாளி. அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல்லான ‘துவார்’ இன்றும் கடன், கட்டாயம் என்ற இரண்டையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் கடமைக்கும் சுங்கவரிக்கும் ‘டியூட்டி’ என்ற ஒரே சொல் வழங்குவதும் அந்தக் குடும்பத்து வழக்கமே. ஜெர்மன் மொழியிலோ ‘ஷுல்ட்’ என்ற சொல் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே சுட்டும். 1887இல் வெளியிட்ட நூலொன்றில் நீட்சே இச்சொல்லைப் பற்றிக்கொண்டு, மனிதனின் குற்றவுணர்வே கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்ததென வாதாடினார்.

நம் தமிழுக்கு வருவோம். ‘கடன்’ என்ற சொல் வட்டிக்கடையில் மட்டும் வாழ்வதன்று. காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் என்று பிறப்பு முதல் சாவு வரை அது நம்மோடு நடக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகிய ஐவர்க்கும் உரிய பணிகளை அடுக்கும்போது அவற்றைக் ‘கடன்’ என்றே பெயரிட்டார். அந்தப் பாடலில் பண்டம் மாறவில்லை, வட்டி ஓடவில்லை. ஆயினும் கடன் உண்டு. ‘கடமை’ என்ற சொல்லோ சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவரி ஒன்றின் பெயராக வழங்கியது. அதே கல்வெட்டுகள் வரி பெற்ற வேந்தனை ‘உடையார்’ என்று அழைத்தன. உடையவர் ஒருபுறம், கடமை இறுத்தவர் மறுபுறம் என்ற பிரிவினை அன்றே கல்லில் ஏறிவிட்டது. வள்ளுவரோ ‘உடைமை’ என்ற சொல்லைத் தம் அதிகாரப் பெயர்களிலே அன்பு, அடக்கம், ஒழுக்கம், பொறை, அருள், அறிவு, ஊக்கம், பண்பு ஆகியவற்றோடு சேர்த்தார். நிலவுடைமை என்றோ பொன்னுடைமை என்றோ அவர் ஓர் அதிகாரத்துக்குப் பெயரிடவில்லை.

இன்றைய பேச்சுத் தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘அவனுக்குப் பத்து ரூபாய் கொடுக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால், வாங்கிய கடனைத் திருப்ப வேண்டும் என்கிறாரா, இல்லாதவனுக்கு உதவுவது முறை என்கிறாரா என்பதைச் சொற்றொடர் காட்டாது. இரண்டுக்கும் ஒரே ‘வேண்டும்’ போதுமானதாயிருக்கிறது. ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்று சொல்லும்போது எழுவாய் நாமல்லோம், பணந்தான் எழுவாய். நாம் அது தங்கியிருக்கும் இடம் மட்டுமே.

இவ்வளவு கேட்டதும், ‘பார்த்தீரா, நம் மொழியே பொதுவுடைமை பேசுகிறது!’ என்று மகிழ்ந்து எழுந்துவிடத் தோன்றும். அங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மார்க்சும் எங்கெல்சும் 1845–46இல் எழுதிய ‘ஜெர்மன் சித்தாந்தம்’ என்ற நூலில் இத்தகைய சொல்விளையாட்டைக் கடுமையாக எள்ளி நகையாடினர். ஜெர்மன் மொழியில் உடைமைக்கும் ‘தன்னுடைமை’க்கும் உள்ள ஒலியொற்றுமையைக் கொண்டு, தனிச்சொத்து மனித இயல்பிலேயே ஊறியது என்று நிறுவ முயன்றவர்கள் அப்போது இருந்தனர். அவர்கள் பிடித்துத் தொங்கிய ‘ஐகன்’ என்ற ஜெர்மன் சொல்லும், நாம் மேலே கண்ட ஆங்கில ‘ஓன்’ என்பதும் உடன்பிறப்புகளே. ஒரே வேரைக் காட்டி ஒருவர் சொத்து புனிதமானது என்கிறார். இன்னொருவர் சொத்து கடனே என்கிறார். வேர் இருவரையும் மறுப்பதில்லை. வட்டிக்காரனும் தமிழிலேதான் கணக்கெழுதுகிறான். ‘கடன்’ என்ற சொல்லின் பழம்பெருமை அவன் வட்டியை ஒரு சதங்கூடக் குறைத்ததில்லை.

அவ்வாறாயின் சொல்லாராய்ச்சியால் என்ன பயன்? சொல்லின் வரலாறு ஒரு நியாயத்தை நிறுவாது. ஆனால் நாம் கேட்க மறந்துவிட்ட ஒரு கேள்வியை நினைவூட்டும். உடையவன் யார் என்று சட்டம் கேட்கிறது. கடன்பட்டவன் யார் என்று வங்கி கேட்கிறது. என்ன செய்யவேண்டும் என்று அறநூல் கேட்கிறது. மூன்று கேள்விகளையும் மூன்று வாயில்களில் நிறுத்தி, ஒன்றையொன்று காணாதபடி செய்திருப்பது நம் கால நாகரிகம். மூன்றையும் ஒன்றாய் நிறுத்திக் கேட்டால் என்னவாகும்? யாரிடம் இருக்கிறதோ அவர் கடன்பட்டவர். யாரிடம் ஒருபோதும் இருந்ததில்லையோ அவர் கடன்பட்டவர் அல்லர். இந்த இரு வாக்கியங்களையும் நாம் ஒரு கருதுகோளாக எடுத்துக்கொள்வோம். அதை நூலகத்தில் வைத்துச் சோதிப்பதை விட ஒரு கடற்கரையில் வைத்துச் சோதிப்பது நலம்.

இலங்கையின் மேற்கே, மாஓயாவின் கழிமுகத்திலிருந்து வடக்கே பொம்பரிப்புவரை நீள்வது புத்தளம் மாவட்டத்தின் கரை. சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், இந்துவும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் பௌத்தரும் நெருங்கி வாழும் கரை அது. 1834இல் இலங்கை இடங்களைப் பற்றிய ஒரு பெரும் அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைக் கூறும் ‘தமிழ் புளுட்டாக்’கையும் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர் கற்பிட்டி. சொற்களின் மீதும் ஊர்களின் மீதும் ஒருங்கே காதல் கொண்டிருந்த ஓர் அறிஞரை ஈன்ற கரையில் நம் சொற்களைச் சோதிப்பது பொருத்தமே.

உப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். புத்தளம் என்ற பெயரே ‘புது அளம்’ என்பதன் திரிபென்பார் உளர். களப்பின் உவர்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவிக்கிறார்கள். கடலும் வெயிலும் காற்றும் எவருடைய உறுதியிலும் எழுதப்படாதவை. மனிதன் சேர்ப்பது உழைப்பு ஒன்றே. மலைநாட்டுக் கண்டி இராச்சியம் தன் உப்புக்கு இந்தக் கரையையும் நம்பியிருந்தது. 1766இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன்மேல் திணித்த உடன்படிக்கை கரை முழுவதையும் அவர்களுக்கே உரியதாக்கியது. ஆயினும் புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பெடுத்துச் செல்லக் கண்டிக் குடிகளுக்கு இடம்விட வேண்டியிருந்தது. வெற்றி பெற்றவனும், கரை தனதானதும் அதோடு ஒரு கடமையும் தன் தலைமேல் வந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது என்பதே இதன் பொருள்.

பின்வந்த ஆங்கிலேயர் அந்தச் சங்கடத்தையும் விட்டுவைக்கவில்லை. உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்துக் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரிய காணி என்று கொள்ளப்படும் என்றது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடி புழங்கி வந்த நிலம், எழுத்தில்லாத காரணத்தால், ஒரு நாளும் அதை மிதித்திராத ஓர் அரசிக்கு உரியதாயிற்று. ‘ஓன்’ என்ற சொல் ‘ஓவ்’ என்ற சொல்லை முற்றாக உதறிவிட்ட சட்டம் இது. உடைமை உண்டு, கடன் இல்லை. இந்தியாவில் 1930இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் ஒரு கைப்பிடி உப்பை அள்ளியவர்கள் கேட்டதும் இக்கேள்வியைத்தான்: எவர் படைக்காததை எவர் உடைமை என்பது?

இனிக் கடலுக்குச் செல்வோம். உடப்பில் கரைவலைத் தொழில் பழமையானது. தோணி வலையை வில்லாக வளைத்துக் கடலில் இறக்கிவரும். கரையில் இரு வரிசையாக நிற்கும் மனிதர்கள் இரு தலைக்கயிறுகளையும் பற்றி மணிக்கணக்கில் இழுப்பார்கள். வலை இறக்கும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். பாடுபடுதல், மீன் படுதல், கடன்படுதல், கடப்பாடு என்று அந்த ஒரு வேரிலும் ஒரு வாழ்க்கை முழுதும் அடங்கியிருக்கிறது. வலையும் தோணியும் சம்மாட்டியினுடையவை. பட்ட மீனின் விலையில் செலவு போக எஞ்சியது உடையவனுக்கும் உழைத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், வலை கரையேறும். வீட்டில் அடுப்பு எரியவேண்டும். தொழிலாளி முற்பணம் வாங்குகிறான். வாங்கிய பணம் தீரும்வரை அவன் வேறொருவர் வலையில் கைவைத்தல் முறையன்று. அடுத்த பருவத்தில் பாடு நன்றாயிருந்தால் கடன் குறையும், மோசமாயிருந்தால் ஏறும். இங்கு நம் கருதுகோளை நேர்மையோடு பொருத்திப் பார்ப்போம். தொழிலாளியின் கையில் பிறர் பணம் இருந்தது. ஆகவே அவன் கடன்பட்டவன். இதை மறுப்பதற்கில்லை, மறுப்பது அவனுடைய மானத்துக்கே இழுக்கு. வாங்கியதைக் கொடுக்கவேண்டும் என்ற உறுதி உழைக்கும் மக்களின் ஒழுக்கத்தில் ஒரு தூண்.

ஆனால் கணக்கு அங்கே முடிகிறதா? சம்மாட்டியின் கையில் என்ன இருக்கிறது? வலை இருக்கிறது. அந்த வலை எவ்வாறு வந்தது? முந்திய பருவங்களின் பங்கிலிருந்து வந்தது. அந்தப் பங்கு எவ்வாறு வந்தது? கயிறிழுத்த கைகளிலிருந்து வந்தது. நீரின் நிறமாற்றத்தைக் கண்டு மீன்கூட்டத்தைச் சுட்டும் கண், ஒருவனுடைய முதலீடன்று, தலைமுறைகளின் சேமிப்பு. கடலை எவரும் வாங்கவில்லை. அப்படியானால் உடையவனிடமும் பிறருடையது இருக்கிறது, அவனும் கடன்பட்டவனே. வேறுபாடு ஒன்றுதான்: தொழிலாளியின் கடன் குறிப்புப் புத்தகத்தில் தேதியோடு எழுதப்படுகிறது, உடையவனின் கடன் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. சம்மாட்டி கொடியவன் என்று சொல்வது நம் கருத்தன்று. பஞ்ச மாதத்தில் கதவைத் தட்டினால் திறப்பவனும் பெரும்பாலும் அவன்தான். மேலே மீன்வணிகனுக்கு அவனும் கடனாளியாயிருக்கலாம். ஒருபக்கம் மட்டும் எழுதப்படும் புத்தகம் எந்த நல்லவன் கையிலும் பொய்க்கணக்கே என்பதுதான் நாம் சொல்ல வருவது.

கடன்பட்டவன் ஒரு வலையோடு கட்டுண்டு கிடக்கும் நிலை உலகெங்கும் தொன்மையானது. அதை அறுத்தெறியும் முயற்சியும் அவ்வளவு தொன்மையானதே. ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன் சுமேரிய நகரங்களில் மன்னர்கள் மக்களின் கடன்களைத் தள்ளுபடி செய்தபோது அதற்கு ‘அமர்கி’ என்று பெயரிட்டனர். விடுதலையைக் குறிக்க நாம் அறிந்த மிகப் பழைய சொற்களுள் ஒன்று அது. அதன் நேர்ப்பொருள், ‘தாயிடம் திரும்புதல்’. கடனுக்காக அடிமைப்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பினர் என்பதாலேயே அந்தப் பெயர்.

எழுதப்படாத கடனை எவரும் கேட்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு இறால் பண்ணைகள் சான்று. 1980களில் சிலாபத்திலிருந்து புத்தளம்வரை, முந்தல் களப்பையும் ஒல்லாந்தர் வாய்க்காலையும் ஒட்டி, ஏற்றுமதி இறாலுக்காகக் குளங்கள் வெட்டப்பட்டன. அதற்காகக் கண்டற்காடுகள் பெருமளவில் அழிந்தன. மீன்குஞ்சுக்கும் நண்டுக்கும் தொட்டிலாயிருந்தவை அக்காடுகள். பண்ணைகளின் கழிவுநீர் திறந்துவிடப்பட்டதும், அடுத்த பண்ணைக்கு நீர் எடுக்கப்பட்டதும் ஒரே நீர்வழியில். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது, ஒரு குளத்தின் கேடு மறுகுளத்தின் கேடாயிற்று. பல பண்ணைகள் கைவிடப்பட்டன. இலாபம் ஈட்டியவர்கள் வேறு தொழிலுக்குப் போகலாம். களப்பில் வீச்சுவலை வீசி வாழ்பவன் எங்கே போவான்? உடைமை இருந்த காலத்தில் அதற்குரிய கடன் கேட்கப்படவில்லை. உடைமை அழிந்தபோது கடன் மட்டும் தொடர்பில்லாத ஒருவன் வாசலில் வந்து நின்றது.

இதே முறைகேட்டை ஒரு நாட்டின் அளவிலும் காண்கிறோம். நுரைச்சோலையில் சீனாவின் கடனுதவியால் எழுந்த நிலக்கரி மின்நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் ஆற்றலை எட்டியது. தீவெங்கும் விளக்கு எரிய அது உதவுகிறது. சாம்பற்றூசு பற்றிய முறைப்பாடு நுரைச்சோலையின் தோட்டக்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் உரியதாயிருக்கிறது. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அப்போது ‘நாம் கடன்பட்டோம்’ என்ற வாக்கியம் எல்லார் வாயிலும் வந்தது. அந்த ‘நாம்’ யார்? பெற்று வைத்திருந்தவனே கடன்பட்டவன் என்றால், வாங்கிய பணத்தில் யார் எவ்வளவு பெற்றார் என்ற கணக்கல்லவா முதலில் வரவேண்டும்? கணக்கு வருமுன்பே மண்ணெண்ணெயும் அரிசியும் விலையேறின. கையில் ஒன்றும் வைத்திராதவனே முதலில் கடனிறுக்கத் தொடங்கினான்.

இதுவரை நாம் பேசியது பிறர் கடன், பேசுவது எளிது. இதே அளவுகோலை நம்மேல் வைக்கவேண்டிய ஓரிடமும் அதே கரையில் இருக்கிறது.

1990 அக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் சில நாட்களில் வீடும் நிலமும் கடையும் வள்ளமும் இழந்தனர். அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தின் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோப்புகளில் எழுந்த ஓலைக்குடிசைகளிலும் தங்கினர்.

புத்தளத்து மக்கள் செல்வர் அல்லர். கிணற்று நீரே உவர்க்கும் ஊர்கள் பல. அவர்கள் சோறு கொடுத்தனர், காணி கொடுத்தனர். ஆண்டுகள் சென்றன, விருந்து அயலாயிற்று. பாடசாலையில் இடம், உப்பளத்திலும் தோட்டத்திலும் கூலி, குடிநீர் ஆகியவற்றுக்குப் போட்டி எழுந்தது. வந்தவர் எங்களுக்குக் கடன்பட்டவர் என்ற முணுமுணுப்பும், எத்தனை ஆண்டு கடன்பட்டவராகவே வாழ்வது என்ற மறுமுணுப்பும் கேட்டன. இரண்டு பக்கமும் ஏழைகள். இரண்டு பக்கமும் நியாயம். ஏனெனில் இருவரும் தமக்குரியதல்லாத ஒரு கடனைத் தமக்குள் பங்குபோட்டுக்கொண்டிருந்தனர். உண்மையில் கடன்பட்டவர் அந்தக் கரையில் இல்லை. வடக்கிலே எஞ்சிய வீடுகளும் காணிகளும் யாரிடம் இருந்தனவோ, யார் பேரால் அந்த வெளியேற்றம் நடந்ததோ, அங்கேதான் கடன் இருந்தது.

இங்கே நம்மில் பலர் எழுப்பும் மறுப்பை மதித்துக் கேட்கவேண்டும். ‘அதைச் செய்தது ஓர் ஆயுத இயக்கம், எங்களைக் கேட்டுச் செய்யவில்லை, எதிர்த்துப் பேசியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் உலகறிந்தது, 1990இல் பிறந்திராத மாணவனை எவ்வாறு குற்றவாளி என்பது?’ மறுப்பு நியாயமானது. குற்றம் செய்தவனைச் சேர்ந்தது. அது மரபுவழி இறங்குவதில்லை. குற்றத்தை இனத்தின் மேல் ஏற்றுவது இனவெறியின் முதற்படி. ஆனால் கடன் அவ்வாறானதன்று. ஜெர்மன் மொழி ஒரே சொல்லில் கட்டிப்போட்ட குற்றத்தையும் கடனையும் தமிழ் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்திருப்பது நமக்கொரு வசதி. தந்தை செய்த பிழைக்காக மகனைச் சிறையிலிடும் சட்டம் இல்லை. தந்தையின் சொத்தை ஏற்ற மகன் அவர் கடனையும் ஏற்கவேண்டும் என்ற சட்டமோ பல நாடுகளில் உண்டு. எவ்வளவு சொத்தை ஏற்றானோ அவ்வளவுக்கு.

நாம் எதை ஏற்றிருக்கிறோம்? ‘என் மொழி’, ‘என் மண்’, ‘என் இனம்’, ‘எம் வரலாறு’ என்று பேசுகிறோம். சங்க இலக்கியத்தில் நாம் ஒரு வரியும் எழுதவில்லை. ஆயினும் அதன் புகழை உடைமையாகக் கொள்கிறோம். பெருமையை ஏற்கும்போது நாம் பிறக்கவில்லை என்பது தடையாயிருந்ததில்லை. அப்படியானால் கடனை ஏற்கும்போது மட்டும் அது எவ்வாறு தடையாகும்? ‘நான் அந்த வரலாற்றுக்கு உரியவனே அல்லன்’ என்று முழுதும் துறப்பவன் ஒருவன் இருந்தால் அவன் கடனற்றவன். ஆனால் அவன் பெருமையும் பேசலாகாது. உடைமை எவ்வளவோ கடனும் அவ்வளவு.

‘ஓன்’ என்ற வினைக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு. ஒன்றைத் தன்னுடையதென ஒப்புக்கொள்ளுதலையும் அது குறிக்கும். தன் பிள்ளையை ஏற்பதற்கும் தன் செயலை ஏற்பதற்கும் அதே வினைதான். உடைமை என்பது அனுபவிக்கும் உரிமை மட்டுமன்று, ‘ஆம், இது எம்முடையது’ என்று சொல்லும் துணிவுமாகும் என்பதை அந்தப் பொருள் காட்டுகிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் தலைமை இந்த வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தது. 2011இல் ஒரு குடிமக்கள் ஆணைக்குழு வெளியேற்றப்பட்டோரின் வாக்குமூலங்களைத் திரட்டி அறிக்கையாக்கியது. ஒப்புக்கொள்ளுதல் முதற்படி; அதுவே கடனிறுத்தல் ஆகிவிடாது. 2009இல் போர் முடிந்தபின் திரும்ப முயன்றவர்கள் காடேறிய காணிகளையும் இடிந்த சுவர்களையும் கண்டனர். அவர்கள் அயலவனாக வந்து நிற்கும்போது எல்லைவேலியில் நாம் காட்டும் முகம், பாடசாலையில் அவர்கள் பிள்ளைக்குத் தரும் இடம், அவர்கள் சென்ற நாளை நம் வரலாற்றுப் பாடத்தில் எழுதும் பக்கம் ஆகியவைதாம் இறுக்கவேண்டிய தவணைகள்.

இந்த அளவுகோல் நமக்கு மட்டும் என்று எவரும் எண்ணவேண்டா. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதற்கும், 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் கொல்லப்பட்டதற்கும், இந்த அரசைத் தம்முடையதெனச் சொல்லிக்கொள்வோர் அதே முறையில் கடன்பட்டவர்களே. சாதாரணச் சிங்கள உழவன் குற்றவாளியல்லன். ஆனால் தன் பேரால் நடந்ததை ஏற்கும் கடன் அவனுக்கும் உண்டு. நம் கடனை நாம் இறுத்த பிறகுதான் அவர்கள் கடனைக் கேட்கலாம் என்பதில்லை. இரு கடன்களும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளா. ஆயினும், தன் புத்தகத்தின் இரு பக்கங்களையும் எழுதியவன் குரலில்தான் கேட்பவனுக்குரிய உறுதி இருக்கும்.

நாம் எடுத்துக்கொண்ட கருதுகோளைக் கரை பொய்ப்பிக்கவில்லை. ஆனால் அது தானாகவே நிறைவேறுவதுமில்லை. உடையவனின் கடனை எழுதுவதற்கு எந்த வட்டிக்கடையும் புத்தகம் வைத்திருப்பதில்லை. அதை எழுதவேண்டியவர்கள் சங்கங்களில் கூடும் உழைப்பாளிகளும், சட்டம் இயற்ற நெருக்கும் குடிமக்களும், வகுப்பறையில் பேசும் ஆசிரியர்களுமே. நம் ஆசிரிய நண்பர்கள் அடுத்தமுறை அந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் கற்பிக்கும்போது அவற்றைத் தனித்தனி நாட்களுக்கு ஒதுக்காமல் ஒரே நாளில், ஒரே கரும்பலகையில் எழுதட்டும். எதிரே உடைமை, கடன், கடமை என்று தமிழிலும் எழுதட்டும். ‘உன் கையில் இருப்பவற்றுள் எது எவருடைய உழைப்பால் வந்தது?’ என்ற ஒரு கேள்வியை மாணவரிடம் விடட்டும். வாக்கியங்களை அவர்களே அமைத்துக்கொள்வார்கள்.